பரணி குலைக்கிறான்... ஆச்சியால் பேச முடியவில்லை!

எங்கள் வீட்டில் ராத்திரி ஏழரை மணிக்கு ஒரு போன் வரும். மஸ்கட்டில் இருக்கும் அத்தை ஆச்சியைக் கூப்பிடுவாள். அங்கே அப்போது ஆறு மணி. அத்தை வேலை முடிந்து அறைக்குத் திரும்பியிருப்பாள். ஆச்சிக்கு அந்த நாளில் முக்கியமான விஷயம் இது ஒன்றுதான். ஏழு மணிக்கே முகம் கழுவி, திருநீறு பூசி, தார்சாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

சில மாதங்களுக்கு முன்பு வரை அந்தப் பேச்சு இப்படித்தான் நடந்தது.

"எம்மா, சாப்ட்டியா?"

"வவ்!"

"என்னது?"

"நான் இன்னும் சாப்பிடல ட்டீ. இந்தச் சவம் பேச விட மாட்டுக்கு."

"வவ்! வவ்! வவ்!"

"எம்மா, நாளைக்குப் பேசுதேன்."

மூணு நிமிஷத்தில் போன் வைக்கப்படும். ஆச்சி கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டு இருப்பாள். பரணி வாலை ஆட்டிக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்துகொள்வான். ஜெயித்துவிட்டான் அல்லவா!

போன வாரம் பூனை எழுதினேன். 'அப்போ எங்க வீட்டு நாயை என்ன செய்ய?' என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஆகவே இந்த வாரம் எங்கள் வீட்டு நாயின் கதை. மானம் போனாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு ஊர் விளக்கம். மற்ற ஊர்களில் நாய் குரைக்கும். எங்கள் திருநெல்வேலியில் குலைக்கும். சென்னையில் டிப்ளமா படித்தபோது நான் 'நாய் குலைக்குது' என்று சொல்லி, கூட இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் பரணி விஷயத்தில் எங்கள் ஊர்ச் சொல்தான் பொருத்தம். வீட்டு நிம்மதியை மொத்தமாகக் குலைத்தவன் அவன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. தாமிரபரணி கரை உடைத்து ஊருக்குள் வந்தது. குறுக்குத்துறை முருகன் கோயில் தண்ணீருக்குள் போனது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு குளமானது. தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் வளவு வாசல் படியில் சேறும் சகதியுமாக ஒரு குட்டி நடுங்கிக்கொண்டு கிடந்தது. எங்கிருந்து அடித்துக்கொண்டு வந்ததோ, யாராவது தூக்கி வந்து வைத்தார்களோ தெரியாது. குளிப்பாட்டிப் பார்த்தால் செம்பு நிறம். தாமிரம் என்றாலே செம்புதானே! ஆற்றோடு வந்தவன், செம்பு நிறத்தவன். பரணி என்று பேர் வைத்தோம்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அவனைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன ஜாதி?" சிப்பிப்பாறையா, ராஜபாளையமா என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. சிப்பிப்பாறை கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் முயல் விரட்டி வளர்ந்த வம்சம். எங்கள் பரணிக்கு அப்படிப் பூர்வீகம் ஒன்றும் கிடையாது. தெருநாய். அதற்குமேல் கேட்டால் ஆச்சிக்குக் கோபம் வந்துவிடும். "நாயிட்டயுமா ஜாதி கேப்பிய?"

சரி, குலைப்புக்கு வருவோம். இது எப்படி ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தால், குற்றவாளி ஆச்சிதான்.

குட்டியாக இருந்தபோது ஒருநாள் அத்தை போன் பேசிக்கொண்டிருக்கையில் பரணி சும்மா ஒரு 'வவ்' போட்டிருக்கிறான். பாவம் பசிக்கிறது போல என்று ஆச்சி மடியில் இருந்த டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட் கொடுத்தாள். வாய் அடங்கியது. மறுநாளும் 'வவ்'. மறுநாளும் பிஸ்கட். ஆச்சி நினைத்தது, பிஸ்கட் கொடுத்து நாயை அடக்கிவிட்டோம் என்று. நாய் நினைத்தது, குலைத்து ஆச்சியைப் பழக்கிவிட்டோம் என்று. இரண்டு பேர் நினைத்ததும் சரிதான். யார் யாரைப் பழக்கினார்கள் என்பதுதான் கேள்வி!

கொஞ்ச நாளில் ஆச்சி போன் மட்டுமல்ல, யார் போன் எடுத்தாலும் குலைத்தான். அப்பா கடைக்குச் சரக்கு சொல்ல போன் எடுத்தால் குலைப்பான். அம்மா மகளிர் குழு அக்காவிடம் பேசினால் குலைப்பான். எனக்குக் காலை பத்து மணிக்கு டெஸ்க் மீட்டிங். வீடியோவில் எடிட்டர் முகம் தெரிந்ததும் ஆரம்பிப்பான். "உங்க பக்கத்துல இருந்து ஒரே எதிர்ப்பா இருக்கே" என்று எடிட்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எங்கள் வளவில் ஆறு வீடுகள், சுவரும் சுவரும் ஒட்டிக்கொண்டு. அடுத்த வீட்டு மதினிக்குக் கைக்குழந்தை. அது தூங்குகிற நேரமும் அத்தை போன் வருகிற நேரமும் ஒன்று. மதினி சண்டை போடவில்லை. ஒருநாள் ராத்திரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். ஒன்றும் பேசவில்லை, சும்மா நின்றாள். அதற்குச் சண்டையே போட்டிருக்கலாம்.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததுதான் பெரிய விஷயம். குலைத்தும் பிஸ்கட் வரவில்லை என்று பரணி ஆச்சி மேல் தாவினான். அவன் இப்போது குட்டியில்லை, முன்னங்காலைத் தூக்கினால் ஆச்சியின் தோளுக்கு வருவான். ஆச்சிக்கு எழுபத்தாறு வயது. தார்சாப் படியில் தடுமாறி, தூணைப் பிடித்துக்கொண்டாள். தூண் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. இந்த வயதில் இடுப்பு எலும்பு உடைந்தால் என்ன என்பது எல்லார் வீட்டிலும் தெரியும். முழங்கையில் நகம் பட்டுத் தோல் சிராய்த்திருந்தது.

'நம்ம வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே' என்று மஞ்சளை அப்பிவிட்டு உட்காரக் கூடாது. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவினோம். பிறகு ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரி. டாக்டர் சொன்ன நாள்களில் எல்லாம் போய் ஆச்சி ஊசி போட்டுக்கொண்டாள். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் அனேகமாகப் பிழைப்பதில்லை. வராமல் தடுக்க ஊசி இருக்கிறது. அதனால் இதில் மட்டும் தயவுசெய்து வீட்டு வைத்தியம் வேண்டாம்.

அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார். "நாளைக் காலைல சுலோசன முதலியார் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வாரேன். இனி ஒருத்தரும் பேசக் கூடாது."

அந்தப் பாலத்தை 1843-ல் சுலோசன முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டினார், மக்கள் ஆற்றைக் கடக்கப் படும் பாட்டைப் பார்த்து. நாயை விட்டுவிட்டு வர அல்ல! வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்க விட்டுவிட்டு வருவது 1960-ம் வருட பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. இதையெல்லாம் அப்பாவிடம் அப்போது சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. "ஒரு மாசம் டைம் குடுங்கப்பா" என்று மட்டும் கேட்டேன். ஆச்சி கட்டுப் போட்ட கையோடு, "குடுத்துத் தொலையேம்ல" என்றாள். அப்பாவை 'ல' போட்டுப் பேச வீட்டில் அவள் ஒருத்தியால்தான் முடியும்.

ஒரு மாசம். என்ன செய்யலாம்?

அதற்கு முன் நாங்கள் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன், நீங்களும் செய்திருப்பீர்கள். "ச்சீ, சும்மா கிட" என்று அதட்டினோம். பேப்பரைச் சுருட்டித் தரையில் தட்டினோம். தண்ணீர் தெளித்தோம். கொல்லையில் சங்கிலி போட்டுக் கட்டினோம், கட்டினால் வளவே அதிர ஊளை. எதுவும் ஒரு நாளுக்கு மேல் நிற்கவில்லை.

எங்கள் பகுதி கால்நடை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். காது, பல், வயிறு எல்லாம் பார்த்தார். உடம்பில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவன் குலைச்ச உடனே நீங்க என்ன செய்தீங்க?"

"திட்டுவோம்."

"திட்டும்போது அவனைப் பாப்பீங்களா?"

"பாக்காம எப்படித் திட்ட?"

"அதான் அவனுக்கு வேணும்."

ஒரு நோட்டைப் போட்டு மூணு நாள் எழுதச் சொன்னார். குலைப்பதற்கு முன் என்ன நடந்தது, குலைத்த பிறகு என்ன கிடைத்தது என்று இரண்டே கட்டம். வேறொன்றும் வேண்டாம் என்றார். எழுதினேன். முதல் கட்டத்தில் எல்லாமே போன். இரண்டாவது கட்டத்தைப் படித்தபோதுதான் எனக்கே வெட்கமாகிவிட்டது. 'ஆச்சி பிஸ்கட்.' 'அம்மா திட்டினாள்.' 'அப்பா எழுந்து விரட்டினார், பரணி சுற்றிச் சுற்றி ஓடினான்.' 'நான் தலையைத் தடவிச் சும்மா இருடா என்றேன்.' ஒரு தடவைகூட அவனுக்கு ஒன்றுமே கிடைக்காமல் போனதில்லை. அப்பா விரட்டியதை அவன் விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டிருக்கிறான்.

அமெரிக்காவில் எட்வர்ட் தார்ன்டைக் என்பவர் பூனைகளைப் பெட்டியில் அடைத்து, அவை தாழ்ப்பாளைத் திறக்கக் கற்றுக்கொள்வதைப் பார்த்து 1898-ல் எழுதினார். எதைச் செய்தால் நல்லது நடக்கிறதோ, அதையே திரும்பச் செய்யும். இதுதான் விஷயம். நமக்கு எது நல்லது என்பதல்ல, அந்தப் பிராணிக்கு எது நல்லது என்பதே கணக்கு. தனியாகக் கிடக்கிற நாய்க்குத் திட்டுகூட ஒரு பேச்சுதான்.

நாய்க்கு நம் பார்வை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் 24 நாய்களை வைத்துப் பார்த்தார்கள், 2017-ல் வெளியானது. மனிதர் முகத்தைக் காட்டி நிற்கும்போது நாய்கள் முகபாவங்களை அதிகம் காட்டின. முதுகைத் திருப்பியபோது குறைந்துவிட்டது. கையில் தின்பண்டம் இருப்பதும் இல்லாததும் அந்தளவுக்கு வித்தியாசம் செய்யவில்லை. பரணி புருவத்தைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்ப்பதை இனி நான் நம்பப்போவதில்லை என்று அன்று முடிவு செய்தேன். அரை மணி நேரம் அந்த முடிவில் இருந்தேன்.

திட்டம் ரொம்ப எளிது. குலைத்தால் ஒன்றும் கிடையாது. பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, தொடக் கூடாது. தாவினால் கையால் தள்ளக் கூடாது, தள்ளுவதும் தொடுவதுதான். திரும்பி நிற்க வேண்டும், இல்லையென்றால் எழுந்து உள்ளே போய்விட வேண்டும். ஆச்சியைத் தாவலில் இருந்து காப்பாற்ற, அவள் பேசுகிற நேரத்தில் பட்டாசல் கதவில் இடுப்பளவுக்கு ஒரு பலகைத் தடுப்பு வைத்தோம். அவள் உள்ளே, அவன் வெளியே. அடுத்த வீட்டு மதினியிடம் போய், "ஒரு வாரம் சத்தம் கூடும், பொறுத்துக்கோங்க" என்று முன்கூட்டியே சொன்னேன். "இதுக்கு மேலயா?" என்றாள். ஆனாலும் சரி என்றாள்.

எளிய திட்டம்தான், ஆனால் நாலு பேர் ஒரே மாதிரி நடக்க வேண்டுமே!

முதல் நாள் குலைத்தான். யாரும் திரும்பவில்லை. இரண்டாம் நாள் கூடுதலாகக் குலைத்தான். மூணாம் நாள் குலைத்து, பலகையைப் பிராண்டி, அப்பாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய் முடுக்கில் போட்டுவிட்டு வந்தான். அணையப் போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்பார்களே, அதுதான் இது. பழக்கம் விட்டுப்போவதற்கு முன்னால் ஒரு தடவை ஆவேசமாக ஏறும். ஏடிஎம்மில் பணம் வராவிட்டால் நாம் உடனே திரும்பிப் போகிறோமா? பட்டனை நாலு தடவை அழுத்தி, கடைசியில் ஒரு குத்தும் விடுகிறோம். அதேதான்.

பி.எஃப். ஸ்கின்னர் என்ற விஞ்ஞானி இந்த விஷயத்தைத் தற்செயலாகத்தான் பார்த்தார். நெம்புகோலை அழுத்தினால் தீனி விழும் பெட்டியில் எலியை விட்டிருந்தார். ஒருநாள் தீனி போடும் கருவி சிக்கிக்கொண்டு நின்றுவிட்டது. எலிக்குத் தெரியுமா? அழுத்திக்கொண்டே இருந்தது. பிறகு மெல்ல மெல்ல அழுத்துவது குறைந்தது. கெட்டுப்போன கருவி வரைந்து வைத்திருந்த கோட்டைப் பார்த்து அவர் துள்ளிக் குதிக்காத குறை. எங்கள் வீட்டுக் கருவி ஆச்சி. அது சிக்க மறுத்தது.

நாலாம் நாள் ராத்திரி. குலைப்பு உச்சத்தில் இருந்தது. திடீரென்று நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம், பலன் தெரிகிறதே என்று எட்டிப் பார்த்தேன். பரணி எதையோ கடித்துக்கொண்டிருந்தான். முறுக்கு.

"ஆச்சி!"

"நான் போடலட்டீ. கை தவறி விழுந்துட்டு."

பலகைக்கு அந்தப் பக்கம் நாலடி தள்ளிப் போய் விழுகிற கைத்தவறல்!

கோபம் வந்தது. ஆனால் ஆச்சிக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது? செத்துப்போன தாத்தா வாரா வாரம் லாட்டரிச் சீட்டு வாங்குவார். வாழ்நாளில் மொத்தம் மூணோ நாலோ தடவை சின்னச் சின்னப் பரிசு விழுந்திருக்கும். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்கிற வரை நிறுத்தவில்லை. "ஒரு தடவைகூட விழாம இருந்தா தாத்தா வாங்கியிருப்பாவளா?" என்று கேட்டேன். ஆச்சி யோசித்தாள். "எப்பவாச்சும் விழும்ங்கதுதான கெடுத்துச்சு அந்த மனுசன." அதற்குப் பிறகு ஆச்சி முறுக்கு போடவில்லை. தினமும் கொடுத்து வந்ததை நிறுத்தினால் நாய் சீக்கிரம் விட்டுவிடும். நாலு நாளைக்கு ஒரு தடவை கொடுத்தால் விடவே விடாது. பாதி கண்டிப்புக்கு முழுச் செல்லமே மேல் என்று டாக்டர் சொன்னது இதைத்தான்.

கணக்கை முதலில் இருந்து ஆரம்பித்தோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். குலைக்காதே என்று சொல்வது மட்டும் போதாது. பிறகு அவன் என்னதான் செய்வான்? போன் மணி அடித்தால் நீ இதைச் செய் என்று வேறு ஒரு வேலை கொடுக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஒரு கோணிச் சாக்கு.

தார்சா மூலையில் அரிசிச் சாக்கு ஒன்றை நாலாக மடித்துப் போட்டேன். போனைத் தொடவே இல்லை. பரணி தற்செயலாகச் சாக்கில் கால் வைத்தால் ஒரு துண்டு வேகவைத்த கோழி, நிலக்கடலை அளவுக்கு. பெரிய துண்டு தேவையில்லை, நாய்க்கு எண்ணிக்கைதான் முக்கியம். உப்பு, மசாலா, வெங்காயம் சேராமல் வெறும் தண்ணீரில் வேக வைத்தது. (வெங்காயம், சாக்லேட், திராட்சை நாய்க்கு ஆகாது. நம் ஊர் அல்வாவும் வேண்டாம், எவ்வளவு கெஞ்சினாலும்.) இரண்டு நாளில் சாக்கைக் கண்டாலே ஓடிப்போய்ப் படுத்தான். "சாக்கு" என்ற சொல்லையும் சேர்த்துச் சொன்னேன்.

பிறகு மணி. பாவ்லோவ் நாய்க்குச் சோறு வருவதற்கு முன் சத்தம் கேட்க வைத்த கதை பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். வெறும் சத்தத்துக்கே எச்சில் ஊறும். இத்தனைக்கும் 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தது செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்கு. எங்கள் வீட்டில் ஆச்சியின் ரிங்டோன் ஒரு முருகன் பாட்டு. இத்தனை நாள் அந்தப் பாட்டு கேட்டால் 'குலைக்க வேண்டிய நேரம்' என்று அவனுக்கு அர்த்தம். அதை 'சாக்குக்குப் போகிற நேரம்' என்று மாற்ற வேண்டும். பாட்டை என் போனில் ஏற்றி, காதில் விழுந்தும் விழாத மாதிரி மெல்ல வைத்தேன். "சாக்கு." போனான். கோழி. ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம், மூணு தடவை. தினமும் சத்தத்தைப் பைய கூட்டினேன்.

அப்புறம் போனை எடுத்துக் காதில் வைப்பது. வைத்த உடனே கோழி. பிறகு ஐந்து விநாடி கழித்து. பத்து விநாடி. அரை நிமிஷம். யாருமே இல்லாத போனில் நான் "ஹலோ, ஆமா, சரி, அப்படியா" என்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து அம்மா, "நாயைத் திருத்தப் போயி இது ஒருமாதிரி ஆயிட்டு" என்றாள். இந்த இடத்தில் அவசரப்பட்டு ஒருநாள் நேராக ஐந்து நிமிஷத்துக்குப் போனேன், எழுந்து வந்து குலைத்துவிட்டான். தப்பு என்னுடையது. திரும்ப அரை நிமிஷத்துக்கு வந்தோம்.

நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. காலையில் நடந்த நாள்களில் குலைப்பு குறைவு. அதுவரை அவனுக்கு நடை என்பது வளவு வாசல் வரை போய் வருவது. இப்போது தினமும் ஆறு மணிக்குக் குறுக்குத்துறைப் படித்துறைக்குக் கூட்டிப்போகிறேன். குளிக்க வருகிறவர்கள், துணி துவைக்கிறவர்கள், கல் மண்டபம், ஈர மணல் என்று அவன் மோந்து பார்த்து முடிக்க முக்கால் மணி ஆகிறது. அவனை அடித்துக்கொண்டு வந்த ஆறுதான். தண்ணீரில் மட்டும் இன்னும் கால் வைக்க மாட்டான்.

டாக்டரிடம், "கவனிக்காமலே இருந்தால் பாவமில்லையா?" என்று கேட்டிருந்தேன். "கவனிங்க. குலைக்கும்போது மட்டும் கவனிக்காதீங்க" என்றார். கொல்கத்தா அருகே மோகன்பூரில் ஐசர் கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்கே அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களைத்தான் ஆராய்கிறது. பழக்கமில்லாத மனிதரிடம் தெருநாய்க்கு நாளடைவில் நம்பிக்கை வருவதற்கு, சாப்பாட்டைவிடத் தடவிக்கொடுப்பது அதிகம் உதவியது என்று 2017-ல் எழுதினார்கள். வீட்டுச் செல்ல நாய்களை அல்ல, எச்சில் இலைக்கு அலைகிற நாய்களைப் பார்த்துச் சொன்னது! அதைப் படித்தபோது பரணியின் கணக்கு எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. பகலெல்லாம் நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு போனைப் பார்க்கிறோம். அவன் எங்களைப் பார்க்கிறான். போனுக்கும் அவனுக்கும் நடந்தது கிட்டத்தட்ட பங்காளிச் சண்டை.

இப்போது சாயங்காலம் ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் அவனுக்கு மட்டும். போன் உள்ளே சார்ஜில் கிடக்கும். காது, கழுத்து, வயிறு எல்லாம் தடவிக்கொடுப்பேன். இதை ஆரம்பித்து வைத்தது நான். இப்போது இரண்டு நாளைக்கு ஒரு தடவை அப்பா அந்த வேலையை எடுத்துக்கொள்கிறார். 'பாலத்துக்கு அந்தப் பக்கம்' பற்றி அவர் பேசுவதில்லை, நாங்களும் ஞாபகப்படுத்துவதில்லை.

உங்கள் வீட்டு நாய்க்கும் இது சரிப்படுமா? கவனம் கேட்டுக் குலைக்கிற, தாவுகிற, செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நாய் என்றால் சரிப்படும். ஆனால் வயதான நாய் திடீரென்று குலைக்க ஆரம்பித்தால், ராத்திரியில் காரணமில்லாமல் அலைந்தால், தொட்டால் சிணுங்கினால், அது கவன ஈர்ப்பு இல்லை, வலியாக இருக்கலாம். முதலில் மருத்துவர். நெல்லைக்காரர்களுக்கு ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அதே மாதிரி, நீங்கள் வெளியே கிளம்பினால் பயந்து நடுங்கிக் கதவைப் பிய்க்கிற நாயைக் கண்டுகொள்ளாமல் விடுவது வைத்தியம் ஆகாது. அது பயம். அதற்கு வழி வேறு, இன்னொரு வாரம் எழுதுகிறேன். வெளியே போகணும் என்று கதவடியில் நின்று குலைக்கிற நாயையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். தரையைத் துடைக்கப்போவது நீங்கள்தான்.

ஒரு மாசத்தில் முடியவில்லை. ஆறு வாரம் ஆனது. இப்போதும் முழுசாக ஜெயித்தோம் என்று சொல்ல மாட்டேன். என் டெஸ்க் மீட்டிங்கின் அந்த 'டிங்' சத்தத்துக்கு இன்னும் இரண்டு குலைப்பு உண்டு, அதற்குத் தனியாகப் பழக்கவேண்டும். கல்யாண வீட்டுக்கு வந்த சித்தப்பா ஒருநாள் பாவம் என்று மிக்சர் போட்டதில் மூணு நாள் பின்னால் போனோம். இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடம் காபிக்கு முன்னால் சட்டம் வாசிக்கப்படுகிறது.

ஆனால் ஆச்சியின் முருகன் பாட்டு ஒலித்தால் பரணி எழுந்து, கொட்டாவி விட்டுக்கொண்டு, சாக்குக்குப் போய்ப் படுத்துவிடுகிறான். கோழித் துண்டு இப்போது தினமும் கிடையாது, சில நாள் வெறும் "நல்ல பிள்ள" மட்டும்தான். லாட்டரி தந்திரத்தை இப்போது நாங்கள் பயன்படுத்துகிறோம்! அடுத்த வீட்டுக் குழந்தை தூங்குகிறது. பலகைத் தடுப்பை எடுத்துக் கொல்லையில் சாத்திவிட்டோம்.

போன செவ்வாய்க்கிழமை ஆச்சி இருபத்தைந்து நிமிஷம் பேசினாள். அத்தைப் பிள்ளையின் பரீட்சை, அங்கே தேங்காய் விலை, இங்கே ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று எல்லாம் பேசி முடித்த பிறகு அத்தை சந்தேகமாகக் கேட்டாள்.

"எம்மா... பரணி இருக்காம்லா? சத்தமே காணும்?"

"இருக்கான், இருக்கான். சாக்குல கெடக்கான்."

"பொய் சொல்லாத. அண்ணன் எங்கயும் கொண்டுபோய் விட்டுட்டானா?"

ஆச்சி எழுந்து போய், போனை ஸ்பீக்கரில் போட்டு அவன் காதருகே பிடித்தாள். "ஏல பரணீ" என்று மஸ்கட்டில் இருந்து குரல் வந்தது. பரணி தலையைச் சாய்த்து ஆச்சியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்புறம் ரொம்பத் தயங்கி, ஒரே ஒரு 'வவ்'.

இரண்டு பக்கமும் ஒரே சிரிப்பு. ஆச்சியின் கை தன்னாலே மடி டப்பாவுக்குப் போனது. நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.